தெரு முனையில் நிறுத்திய கதை

இல்லை, மேடை எதுவும் கிடையாது. மைக்கும் கிடையாது. பச்சைக் கோடு போட்ட ஒரு ஜமக்காளம் மட்டும் இருந்தது. அதைச் சுருட்டிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டுதான் சகாயமேரி டீச்சர் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறுவார்.

செய்தியும் பஸ்ஸில்தான் வந்தது. விழுப்புரத்தில் திண்டிவனம் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் டிக்கெட் கிழிக்காமல் என்னையே பார்த்தார்.

"ஒங்க டீச்சரம்மா பூட்டாங்களே. தெரியாதா?"

மஞ்சள் காமாலை. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில். விடியற்காலை. எல்லாம் அவர்தான் சொன்னார். நான் டிக்கெட் வாங்கிக்கொண்டேன். 

டீச்சரை அறிந்தவர்களுக்கு இதையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன். திண்டிவனத்தை ஒட்டிய ஒரு காலனியில் பிறந்தவர். அதே காலனியின் பால்வாடியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர். நாற்பதைத் தாண்டவில்லை. ஆறு நாட்கள் பால்வாடி. ஏழாவது நாள் ஜமக்காளம்.

எங்கோ ஒரு காலனியில் யாரோ ஒருவர் எதையோ மாற்ற எழுந்துவிட்டார் என்று அவர் காதில் விழும். கிணறாக இருக்கும், கூலியாக இருக்கும். தேடிப்போய் அந்த ஆளைப் பிடித்து, இன்னொரு காலனிக்குக் கூட்டி வருவார். வந்தவர் முதலில் அங்கே ஒரு வீட்டில் சாப்பிட வேண்டும். பிறகு ஜமக்காளத்தில் உட்கார்ந்து தனக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். இருப்பதிலேயே மோசமான இடம் வரும்போது டீச்சர் கையைத் தூக்குவார். கதை நிற்கும்.

"இந்த எடத்துல நீங்க இருந்தா இன்னா பண்ணுவீங்க?"

பிறகு ஒரே சண்டை. இப்படிச் செய்யலாம், அப்படிச் செய்தால் உதைதான் கிடைக்கும். புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிர்க் கட்சி. எல்லாரும் பேசி ஓய்ந்த பின்னால்தான் வந்தவர் மீதியைச் சொல்வார். அதற்குள் அந்தக் காலனிக்கு அது சொந்தக் கதையாகியிருக்கும்.

பால்வாடியில் கண்டுபிடித்ததாம் இது. பாதியில் நிறுத்திவிட்டால் எந்தக் குழந்தையும் தூங்காது என்பார்.

ஒருமுறை தவறிப்போனது. மண்டகப்பட்டுப் பக்கத்துக் காலனியிலிருந்து ஏழுமலையைக் கோலியனூர் பக்கம் அழைத்துப் போயிருந்தோம். ஏழுமலையின் காலனி நிறுத்தத்தில் பஸ் நிற்பதில்லை. மனு கொடுத்தார்கள், கையைக் காட்டினார்கள், நிற்கவில்லை. கடைசியில் கேப்பைக் கதிர்களை ரோட்டில் பரப்பினார்கள். வண்டி ஏறி இறங்கினால் தானியம் உதிரும் என்று எல்லா ஊரிலும் பரப்புவதுதான். இவர்கள் நிறுத்தத்துக்கு நேராக, தடிமனாகப் பரப்பினார்கள். டிரைவர் நிறுத்தினார். கண்டக்டர் இறங்கித் திட்டினார். அவர் திட்டி முடிப்பதற்குள் பெண்கள் எல்லாரும் உள்ளே ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். மறுநாளும் கேப்பை. அதற்கு மறுநாளும். பிறகு கேப்பை இல்லாமலே பஸ் நின்றது.

(எனக்குச் செய்தி சொன்ன கண்டக்டர் அவர்தானா என்று தெரியாது. கேட்டுப் பார்த்திருக்கிறேன். சிரிப்பார், பதில் சொல்லமாட்டார்.)

ஏழுமலை செய்த தவறு, உட்கார்ந்த உடனே, "இப்ப எங்க ஊர்ல பஸ் நிக்கிதுங்க" என்று ஆரம்பித்ததுதான். சந்தோஷம் தாங்கவில்லை அவருக்கு. கூட்டம் கைதட்டியது. அவர் சொன்னதையெல்லாம் கேட்டது. மறுபடி கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போனது. யாரும் சண்டை போடவில்லை.

 திரும்பும்போது, பஸ் விழுப்புரத்தை நெருங்கியதும் டீச்சர் ஏழுமலையின் பக்கம் திரும்பினார்.

"கை தட்டினவன் கை ஓஞ்சுபோச்சி. இனிமே அவன் அதால ஒண்ணும் பண்ணமாட்டான். மொதல்ல ஜெயிச்ச கதை சொல்லாதேப்பா. மாட்டிக்கினு முழிச்ச கதை சொல்லு."

என்னையும் விட்டதில்லை. சென்னையில் எம்.ஏ. முடித்து, வேலை இல்லாமல் விழுப்புரத்துக் காலனிக்கே திரும்பி, ஞாயிறுகளில் டீச்சரோடு போகத் தொடங்கிய வருடம் அது. ஒரு சிற்றிதழில் வந்த என் கதையைப் படிக்கக் கொடுத்தேன். படித்தார். "ஒங்கதைக்கும் முடிவு இல்ல, எங்கதைக்கும் முடிவு இல்ல. எங்கதையில முடிவு கேட்டு ஆளுங்க எழுந்து நிக்கிறாங்க. ஒங்கதையில பேப்பர் தீந்துபூடுது." சொல்லிவிட்டு அடுத்த இதழுக்கும் சந்தா கட்டினார்.

கெடார் பக்கம் ஓர் ஊர். பெயர் வேண்டாம். அங்கே காலனிக்கும் சுடுகாட்டுக்கும் இடையில் ஊர்த் தெரு. அந்த வழியாகப் போனால் கூப்பிடு தூரம். ஆனால் அந்தத் தெருவில் காலனிப் பிணம் போகக் கூடாது. வயலுக்குள் இறங்கித்தான் போக வேண்டும்.

அந்தக் காலனிக்குப் போன அன்று ஏழுமலை சரியாகச் சொன்னார். பஸ் நிற்காமல் போன இடத்தில் நிறுத்தினார். வழக்கம்போலச் சண்டை. நடவு வேலைக்குப் போகும் அஞ்சலை அக்கா ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்து நான் ஜமக்காளத்தைச் சுருட்டப் போனபோது, "இருப்பா" என்றார்.

அவர் சொன்னது இவ்வளவுதான். முந்தைய வருடம் ஐப்பசி மழையில் கணவர் இறந்தார். நடவு முடிந்த வயல், தூக்கியவர்களுக்கு முழங்கால் வரை சேறு. நடுவயலில் ஒருவர் வழுக்கினார். பாடை சரிந்தது. அஞ்சலை அக்கா சேற்றில் உட்கார்ந்து கணவரின் முகத்தை முந்தானையால் துடைத்தார். துடைக்கத் துடைக்கச் சேறாகவே வந்தது.

"வூட்ல மாமனார் படுத்துக்கினு கீறாரு. நாளைக்கு அவரையும் சேத்துலதான் போடணும். இதுக்கு மேல கதை இல்ல டீச்சர்."

"கீது" என்றார் டீச்சர். "இன்னும் நடக்கல, அவ்ளோதான்."

அடுத்த ஞாயிறு முதல் அஞ்சலை அக்கா எங்களோடு பஸ் ஏறினார். ஜெயித்தவர்கள் மட்டும் உட்கார்ந்த ஜமக்காளத்தில், முடிவே இல்லாத கதையோடு ஒருவர். பாடை சரிந்த இடத்தில் நிறுத்துவார். டீச்சர் கையைத் தூக்கத் தேவையிருக்காது. ஒவ்வொரு காலனியும் ஒரு முடிவு சொன்னது. கலெக்டரிடம் போங்கள். மோதிப் பாருங்கள். வேறு சுடுகாடு கேளுங்கள். தாசில்தாரிடம் மனு கொடுங்கள். மனுவை மட்டும் அஞ்சலை அக்காவின் காலனிக்காரர்கள் கொடுத்தார்கள்.

கோலியனூர் பக்கத்துக்கும் மறுபடி போனோம், அன்று கைதட்டிவிட்டுக் கலைந்த அதே காலனிக்கு. இந்த முறை யாரும் தட்டவில்லை.  ஒரு பெரியவர் எழுந்து கேட்டார்.

"ஒங்க பொணத்தை நீங்க தூக்கினா தடுப்பான். சாவுக்கு மாலை எட்த்துக்கினு வர்ற ஒறவு ஒறம்பரையை எவன் தடுப்பான்?"

"ஒறம்பரைன்னா யாருங்க?" என்றார் அஞ்சலை அக்கா.

"நாங்கதான். கதை கேட்டவங்கல்லாம்."

டீச்சர் என் முழங்காலில் ஓங்கி ஒரு அடி வைத்தார். மகிழ்ச்சி வந்தால் பக்கத்திலிருப்பவரை அடிப்பார்.

மாமனாருக்கு விஷயம் எட்டியது. படுத்தபடியே அவர் ஆணையிட்டதாக அஞ்சலை அக்கா சொல்லிச் சிரித்தார்: "தெருவு மேல எட்த்துக்கினு போறதா இருந்தா சொல்லுங்க, சாவறேன். இல்லாங்காட்டி இப்டியே கெடக்கறேன்."

கார்த்திகையில் இறந்தார்.

காலையிலேயே ஆள் பறந்தது. கதை கேட்ட காலனிகளுக்கெல்லாம் செய்தி. மதியத்துக்குள் பஸ்ஸிலும் சைக்கிளிலும் டயர் வண்டியிலும் வந்து இறங்கினார்கள், கையில் மாலையோடு. தாங்கள் சொன்ன முடிவு பலிக்கிறதா என்று பார்க்க வந்தவர்களும் அதில் உண்டு. ஏழுமலை மேளக்காரர்களோடு வந்தார். பாடை புறப்பட்டபோது முன்னால் இருப்பவருக்குப் பின்னால் இருப்பவர் தெரியவில்லை. மழை விட்டிருந்தது. வயலுக்கு இறங்கும் வரப்பை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஊர்த் தெரு முனையில் ஆட்கள் நின்றார்கள். தாசில்தார் ஆபீஸ் ஜீப் ஒன்று புளியமரத்தடியில் நின்றது. அதிலிருந்து யாரும் இறங்கவில்லை. மேளம் நின்றது. டீச்சரைத் தேடினேன். நடுக்கூட்டத்தில் யாருடைய குழந்தையையோ இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். முன்னால் அஞ்சலை அக்கா.

ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்டார். "இன்னா அஞ்சல, புதுப் பழக்கமா கீது?"

"ஆமாங்க. பழசைச் சேத்துல போட்டுட்டோம்." அஞ்சலை அக்கா ஓர் அடி முன்னால் வைத்தார்.  "பொணம் வருது. கொஞ்சம் ஒதுங்கிக்குங்க."

பிணம் வருகிறது என்றால் யாரும் ஒதுங்குவார்கள். அது கால்களுக்குத் தெரியும். அவர் ஒரு அடி பின்னால் வைத்தார். பக்கத்தில் இருந்தவர் இரண்டு அடி. பெரியவர் எங்களுக்குப் பின்னால் நீண்டிருந்த கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். தோளில் இருந்த துண்டை இறக்கிக் கையில் வைத்துக்கொண்டார். தெரு திறந்தது.

ஏழுமலை கையை வீசினார். மேளம் அடித்த அடியில் ஓட்டு வீட்டுக் கதவுகள் அதிர்ந்தன. சாவு ஊர்வலம் அது. ஆனால் அப்படி ஒரு நடையை எந்தத் திருவிழாவிலும் நான் பார்த்ததில்லை. பெண்கள் அழுதுகொண்டே சிரித்தார்கள். கிழவர் தலையில் ஒரு துளி சேறில்லாமல் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு அந்தக் காலனியில் யாரும் வயலுக்குள் இறங்கிச் சுடுகாட்டுக்குப் போனதில்லை.

திண்டிவனத்தில் டீச்சரை அடக்கம் செய்த அன்று, அதே காலனிகளெல்லாம் மாலையோடு வந்தன. பெரிய கடைத்தெரு வழியாகத்தான் கொண்டுபோனோம். கடைக்காரர்கள் இறங்கி நின்றார்கள். பால்வாடிப் பிள்ளைகள் முன்னால் நடந்தார்கள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தத் தூக்கிய கை. எழுதும்போது முடிவை நோக்கி ஓடத் தொடங்கும் இடத்தில் அது இப்போதும் எழுகிறது. நிறுத்துகிறேன். யார் எழுந்து நிற்கிறார்கள் என்று பார்க்கிறேன்.

ஜமக்காளம் என்னிடம் இல்லை. மயிலம் பக்கத்துக் காலனி ஒன்றுக்கு வருவதாக டீச்சர் ஏற்கெனவே சொல்லியிருந்த ஞாயிறு, அடக்கத்துக்கு அடுத்து வந்தது. அஞ்சலை அக்கா டீச்சர் வீட்டுக்குப் போய் ஜமக்காளத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். அங்கே ஒரு வீட்டில் சாப்பிட்டார். உட்கார்ந்தார். ஐப்பசி மழையிலிருந்து சொல்லிக்கொண்டு வந்து, மேளம் நின்ற தெரு முனையில் கதையை நிறுத்தினார்.