நதோரி சான் கொல்லத் தயங்கிய டிராகன்

மதியச் சோற்றுருண்டையைத் தின்று முடித்து, உள்ளே இருந்த உப்புப் பிளம் கொட்டையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, மேசைமேல் கவிழ்ந்து தூங்குகிறார் நதோரி யாயோய், எங்களுக்கு மரியாதையாக நதோரி சான். தலைக்குக் கீழே ரொட்டி வடிவத்தில் ஒரு சின்னத் தலையணை. நாங்கள் யாரும் எழுப்ப மாட்டோம். எங்கள் அலுவலகத்தில் நாற்காலியில் தூங்குவது குற்றமில்லை, உழைத்துக் களைத்ததற்கு அடையாளம். அதிலும் நதோரியின் தூக்கத்துக்குக் கூடுதல் மரியாதை உண்டு. அந்த நேரத்தில்தான் டிராகன் அவரிடம் பேசுமாம்.

விழித்ததும் கொட்டையைத் துப்பிவிட்டு, தலையணைத் தையலின் தடம் பதிந்த கன்னத்தோடு எழுதத் தொடங்குவார். இன்றைக்கு என்ன சொன்னது என்று கேட்டால், "பசிக்குதாம். யாரையாவது குடுக்கணும்," என்பார், பூனைக்குச் சோறு வைப்பதைப் பற்றிப் பேசுகிற குரலில்.

'சாம்பல் சிறகு' என்ற வீடியோ கேம் வரிசையின் கதை முழுக்க அவர் எழுதியது. அதில் ஒரு டிராகன், அதன் முதுகில் ஏறிப் போர் செய்யும் ஒரு வீரன். ஒவ்வொரு முறை பறப்பதற்கும் டிராகன் கூலி கேட்கும். கூலி, அவன் ஞாபகத்திலிருந்து ஒரு ஆள். முதல் பாகத்தில் தங்கையை மறந்தான். இரண்டாம் பாகத்தில், காப்பாற்றப் புறப்பட்ட ஊரையே ஒவ்வொரு ஆளாக மறந்துபோய், எதிரியின் ஊர் என்று நினைத்துத் தானே எரித்தான். விளையாடுகிறவர் பொத்தானை அழுத்தினால்தான் ஊர் எரியும். அழுத்த மனம் வராவிட்டால் கதை அங்கேயே நிற்கும், மழை பெய்துகொண்டே இருக்கும். என் தூக்கத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று ரசிகர்கள் எழுதுகிறார்கள். அடுத்த பாகம் எப்போது என்று அதே கடிதத்தில் கேட்கவும் செய்கிறார்கள்.

இவ்வளவு கொடூரத்தை எழுதும் மனுஷி எப்படி இருப்பார் என்று பார்க்க வருகிற பத்திரிகைக்காரர்கள் ஏமாந்துதான் போகிறார்கள். ஐம்பதை ஒட்டிய வயது, முழங்காலைத் தொடும் பழைய ஸ்வெட்டர், கொண்டையில் பென்சில். குளிர்பான இயந்திரம் நாணயத்தைத் திருப்பித் துப்பினால் இயந்திரத்திடம் மன்னிப்புக் கேட்பார். அடிக்கடி பாதி வாக்கியத்தில் நின்று ஜன்னலைப் பார்ப்பார். கீழே போகிற ரயில் மறைந்த பிறகுதான் மீதி வாக்கியம் வரும், சில நாள் வராது.

ஆனால் பெரிய கடையின் காகிதப் பையோடு அவர் உள்ளே நுழைந்தால், இன்று யார் தலை என்று கணக்குப் போடுவோம். தப்புச் செய்தவர் இனிப்புப் பெட்டியோடு போய்த் தலைகுனிவது டோக்கியோவில் எல்லோருக்கும் உள்ள வழக்கம். நதோரி ஒரு பாத்திரத்தைக் கொன்றால், அதை வரைந்தவருக்குப் பெட்டி வரும். ஓவியர்களின் மேசைகளுக்கு நடுவே அந்தப் பை நகர்வதை எல்லோரும் வேலை செய்வது போல் பாவனை காட்டிக்கொண்டு பார்ப்போம். ஒருமுறை அது குதிரைகளை மட்டுமே வரைகிற குவாபராவின் முன்னால் போய் நின்றது.

"எல்லாக் குதிரையுமா?" என்றார் குவாபரா.

"ஒண்ணு பொழச்சிருக்கு," என்றார் நதோரி, இடுப்பு வரை குனிந்தபடியே. "ஆனா அதுக்கு இனிமே கண்ணு தெரியாது."

"அதையும் சேர்த்தே கொன்னிருக்கலாமே, புண்ணியவதி."

"யோசிச்சேன். அது உயிரோட இருந்தாத்தான் இன்னும் கஷ்டமா இருக்கும்னு தோணுச்சு."

குவாபரா மூக்கை உறிஞ்சிக்கொண்டே பெட்டியைப் பிரித்தார். சிவப்பு அவரையில் செய்த இனிப்பு உருண்டைகள் நன்றாகத்தான் இருந்தன, எனக்கும் இரண்டு கிடைத்தன.

நான் ஒலிப்பதிவுக்காரன். டிராகனின் குரல் முதல் பாகத்திலிருந்தே ஹிருகாவாவுடையது. எழுபது தாண்டிய நாடக நடிகர், காலிப் பீப்பாயை மெல்ல உருட்டுவது போன்ற குரல். இந்த வருடம் வருவது கடைசிப் பாகம். மழைக்காலம் முடிந்ததும் அவருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை, குரல்வளையை எடுத்துவிடுவார்கள். அப்புறம் அந்தக் குரல் கிடையாது. டிராகனின் கடைசிக் காட்சியை அதற்குள் பதிந்தாக வேண்டும்.

நதோரிக்கோ எழுத வரவில்லை. தூங்குவார், எழுவார், வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். "ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது," என்பார். தெருவோர ஹைட்ரேஞ்சியாப் பூக்கள் நீலத்திலிருந்து ஊதாவுக்கு மாறிய பிறகு ஒரு காட்சியைக் கொடுத்தார். அதில் டிராகன் சாகவில்லை. வீரனுக்கு எல்லா ஞாபகமும் திரும்புகிறது, டிராகன் மேகத்துக்குள் பறந்து போகிறது. 'கொஞ்சம் வெளிச்சம் வையுங்களேன்' என்று வருடக்கணக்கில் கெஞ்சி வந்த தயாரிப்பாளர் இசோபேவுக்கு ஆனந்தக் கண்ணீர். நானும் படித்தேன். சோப்பு விளம்பரம் போல இருந்தது. அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் ஹிருகாவாவே வந்துவிட்டார், குடை சொட்டச் சொட்ட, கையில் அந்தக் காட்சியோடு. நேராக நதோரியின் மேசைக்குப் போனார்.

"பெட்டி எங்க?"

"எந்தப் பெட்டி, ஹிருகாவா சான்?"

"எல்லாருக்கும் வந்துச்சு. குதிரைக்காரனுக்குக்கூட வந்துச்சு. டிராகன் சாகறப்ப எனக்கு எந்தக் கடைப் பெட்டி வரும்னு வீட்டுல பந்தயம் கட்டியிருக்கோம்."

"இல்ல, இந்தத் தடவை... பொழைக்கட்டுமேன்னு..."

"யாரு? டிராகனா, நானா?"

நதோரி ஜன்னலைப் பார்த்தார். ஒரு ரயில் போனது, மீதி வாக்கியம் வரவில்லை.

"எனக்கு இரக்கப்பட டாக்டர் இருக்காரு, பொண்டாட்டி இருக்கா, பக்கத்து வீட்டு நாய்கூட இப்பல்லாம் என்னைப் பார்த்துக் குலைக்கிறதில்ல. நீ எதுக்கும்மா? இத்தனை காலம் ஆளைத் தின்ன டிராகன், கடைசியில மேகத்துல போய்க் குந்திக்குமா? இது என் கடைசி வேலை. இதுலயும் என்னை நோயாளியா ஆக்கிடாதே."

தாழ்ந்த குரலில்தான் சொன்னார். உரக்கப் பேச அவரால் முடியவில்லை. அன்று நதோரி தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெகுநேரம் கிடந்தார். தூங்கவில்லை என்பது தோள்களைப் பார்த்தாலே தெரிந்தது.

அடுத்த வாரம் காகிதப் பை வந்தது. ஓவியர்களின் மேசைகளைத் தாண்டி, ஒலிப்பதிவு அறை வாசலில் உட்கார்ந்திருந்த ஹிருகாவாவின் முன்னால் நின்றது. அவர் உறையில் இருந்த கடைப் பெயரைப் பார்த்தார்.

"பொண்டாட்டி ஜெயிச்சுட்டா," என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

புதிய காட்சி இதுதான். கூலியாகக் கொடுக்க வீரனின் ஞாபகத்தில் இனி யாருமே மிச்சமில்லை, டிராகனைத் தவிர. கடைசிப் பயணத்துக்கு அதையே கொடுக்கிறான். கரை சேர்ந்து இறங்கித் திரும்பிப் பார்த்தால், எதிரே ஏதோ ஒரு பயங்கர மிருகம். ஈட்டியை ஓங்குகிறான். நான் யார் தெரியுமா என்று டிராகன் சொல்லலாம், சொல்வதில்லை. ஒரே ஒரு சொல்தான் சொல்கிறது: 'போறேன்.' இசோபே முகம் சுளித்தார், கிளம்பும்போது யாராவது அப்படிச் சொல்வார்களா என்றார். நதோரி அசையவில்லை. "அது சாகப் போகுது. திரும்பி வராது. அதைப் பொய் சொல்ல வைக்க மாட்டேன்."

பதிவின்போது நதோரியையும் உள்ளே வந்து உட்காரச் சொன்னார் ஹிருகாவா. "யாரைப் பார்த்துச் சாகறது? கண்ணாடிக்குப் பின்னால இருக்கிற இந்த ஆளையா?" என்று என்னைக் காட்டினார். நதோரி அவருக்கு எதிரே, முழங்கால்களைச் சேர்த்துவைத்து, எதையும் நினைவில் வைத்திராத வீரனாக உட்கார்ந்தார். விளக்கைக் குறைத்தேன். அந்தக் குரல் வந்தது. பழைய பீப்பாய் இல்லை அது, விரிசல் விட்டிருந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவர் எங்கிருந்தோ மூச்சை வாங்கி வந்தார். கடல் அலை, சாம்பல் வானம், இறங்குகிற சிறகு எல்லாம் அந்த மங்கல் அறைக்குள் வந்துவிட்டது போலிருந்தது. நான் வேலையில் இருப்பதையே மறந்துவிட்டேன்.

கடைசிச் சொல்லுக்கு முன்னால் அவர் நதோரியைப் பார்த்தார். தாள் கண்ணெதிரே இருந்தது. வாயில் வந்ததோ, தினமும் காலையில் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிப் பழகியது.

"போயிட்டு வரேன்."

நதோரியும் யோசிக்கவில்லை. அந்தச் சொல் காதில் விழுந்தால் பதில் தானாக வரும், இந்த ஊரில் எல்லோருக்கும் அப்படித்தான்.

"போயிட்டு வாங்க."

ஹிருகாவா நெற்றியில் அடித்துக்கொண்டார். "தப்பாச் சொல்லித் தொலைச்சிட்டேன். இன்னொரு தடவை எடுத்துடலாம்," என்று இருமிக்கொண்டே தண்ணீரை எடுத்தார். நானும் தொழில் புத்தியில் பொத்தானை அழுத்திப் பேசினேன்.

"நதோரி சான், உங்க குரலும் பதிஞ்சிடுச்சு. இன்னொரு டேக் போலாமா?"

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. எழுந்து போய், ஹிருகாவாவுக்கும் மைக்குக்கும் நடுவே நின்று, இனி வேறு சொல் உள்ளே போகாதபடி மைக்கை இரண்டு உள்ளங்கைகளாலும் பொத்திக்கொண்டார்.