திரும்பிப் பார்க்காமல் சொன்ன பதில்

எங்கள் வீடு பட்டாபிராமில், ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குக் கிளம்பும்போது அம்மா பூட்டும் கையுமாக வாசலில் நின்று கேட்பாள்.

"கேஸு மூடிட்டியா?"

"மூடியாச்சு."

"மோட்டாரு?"

"ஆஃப் பண்ணியாச்சு."

"கொல்லக் கதவு?"

"சாத்தியாச்சு."

செருப்பு மாட்டிக்கொண்டே சொல்வேன். அடுப்படிக்குப் போய் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. இத்தனை வருடத்தில் வீடு பற்றி எரியாததால், என் வழக்கத்தில் குறை இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. கோயிலிலும் இதே கதைதான். சாமியார் ஒன்று சொல்ல, நாங்கள் ஒன்று சொல்வோம். வாய் அதன் பாட்டுக்குச் சொல்லும், கண் முன்வரிசைப் புடவையில் இருக்கும்.

இப்படி வளர்ந்தவளிடம் விமானத்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யாராவது முன்பே யோசித்திருக்கலாம்.

நான் துணை விமானி. அன்று காலை டெல்லிக்குப் போக வேண்டும். கேப்டன் தூத்துக்குடிக்காரர், கரையான்சாவடியில் ஃப்ளாட் வாங்கிக் குடியேறியவர். தண்ணீர் லாரியைப் பற்றிப் பேசும்போது மட்டும் உணர்ச்சிவசப்படுவார். கிளம்புவதற்கு முன் அவர் ஒரு பட்டியலை வாசிக்க, நான் பதில் சொல்ல வேண்டும். அதில் ஒரு வரி, கியர் பின்களைப் பற்றியது. விமானம் தரையில் நிற்கும்போது சக்கரக் கால்கள் மடங்கிவிடாமல் இருக்க, காலுக்கு ஒன்றாக இரும்புப் பின் செருகுவார்கள். அதில் சிவப்பு ரிப்பன் தொங்கும். கிளம்பும்முன் மூன்றையும் எடுத்து எங்கள் இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கும் பையில் போட வேண்டும். கழுத்தைத் திருப்பினால் தெரிந்துவிடும்.

"கியர் பின்?" என்றார்.

"எடுத்தாச்சு" என்றேன். பெல்ட்டைச் சரிசெய்துகொண்டிருந்தேன். கேட்டதும் சொன்னதும் ஆங்கிலத்தில்தான். ராகம் மட்டும் பட்டாபிராம் வாசல்.

அன்று ஓட்டியது நான். மேலே எழும்பியதும் கால்களை மடக்கச் சொன்னேன், அவர் நெம்புகோலைத் தூக்கினார். இரண்டு மடங்கின. இடது கால் மடங்கவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது, அடியில் காற்று இரைந்தது. தரையில் இருந்தவர்களிடம் விஷயத்தைச் சொல்லி, ஒரு உயரத்தில் நிதானித்து, நெம்புகோலை மறுபடி இறக்கினார். மூன்று பச்சை விளக்குகளும் வந்தன.

"அந்தப் பையப் பாரும்மா."

அப்போதுதான் திரும்பினேன்.

"எத்தனை?"

"ரெண்டு சார்."

"அப்ப மூணாவது கீழ காத்து வாங்கிட்டிருக்கு" என்றார்.

பின் செருகிய கால் மடங்காது. இறங்குவதற்கு அதைவிடப் பத்திரமான கால் கிடையாது. ஆனால் டெல்லிக்கு நிரப்பிய எரிபொருளின் கனத்தோடு உடனே இறங்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். அதை எரித்துத் தீர்க்கச் செம்பரம்பாக்கம் ஏரியையே ஒரு மணி நேரத்துக்கு மேல் சுற்றினோம். சின்ன டெக்னிக்கல் விஷயம், பயப்பட ஒன்றுமில்லை என்று கேப்டன் பயணிகளுக்கு அறிவித்தார். அதைக் கேட்ட பிறகுதான் பயணிகள் பயந்தார்கள்.

மூத்த பணிப்பெண் உள்ளே போன் செய்தாள். "மேடம், ஒருத்தர் உயில் எழுதணும்னு பேனா கேக்குறாரு. குடுக்கலாமா?"

"குடு. மறக்காம திரும்ப வாங்கிடு" என்றேன்.

"என் ஃப்ளாட் தெரியுது" என்றார் கேப்டன். "லாரி வந்துச்சான்னுதான் தெரியல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த மாதம் எனக்குக் கேப்டன் தேர்வு. அது இனி நடக்குமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு மனிதர் உயில் எழுதிக்கொண்டிருக்கும்போது நான் தேர்வை நினைக்கிறேனே என்று வெட்கமாகவும் இருந்தது.

பூப்போல இறங்கினோம். ஓடுபாதையின் இரண்டு பக்கமும் காத்திருந்த தீயணைப்பு வண்டிகளுக்கு வேலை இல்லாமல் போனது. இன்ஜினியர் மூன்றாவது பின்னைக் கொண்டுவந்து காட்டினார். ரிப்பன் கிழிந்துபோய் ஒரு விரல் நீளம்தான் மிச்சம். காலையில் சோதனைக்காகச் சக்கரங்களைச் சுற்றி வந்தபோது அது என் கண்ணில் படாததற்குக் காரணம் கிடைத்துவிட்டது.

"ரிப்பன் கிழிஞ்சிருந்துச்சுன்னு ரிப்போர்ட்ல எழுதிடுவோம்" என்றார் கேப்டன். "பொய் இல்லயே."

பொய் இல்லைதான். எழுதினேன். டீயைக் குடித்து முடித்தேன். பிறகு அதன் கீழே, பையைத் திரும்பிப் பார்க்காமல் பதில் சொன்னேன் என்றும் எழுதினேன். கேப்டன் அதைப் படித்தார். பேனாவை வாங்கி, கீழே 'நானும் பார்க்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரண்டு பேரையும் பறக்க வேண்டாம் என்று உட்கார வைத்தார்கள். என் தேர்வும் தேதி குறிக்காமல் தள்ளிப்போனது.

இதற்குள் அம்மா தன் வேலையை முடித்திருந்தாள். விமானம் எங்கே போகிறது என்று காட்டும் ஆப் அவள் போனில் உண்டு. "இன்னாடி, ஏரியவே சுத்திகினு கீற, ஊட்டுக்கு வழி தெர்லியா?" என்று அவள் அனுப்பிய குரல்பதிவை இறங்கிய பிறகுதான் கேட்டேன். தெருவே கூடி ஜெபமாலை சொல்லியிருக்கிறது. ஞாயிறன்று நன்றிப் பூசைக்கும் ஏற்பாடாகிவிட்டது.

அந்த ஞாயிறு காலை, அறைக்குள் தன் புடவை மடிப்பைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் சொன்னேன்.

"அம்மா, அது மாதா செஞ்ச புதுமை இல்ல. கியர் பின்ன எடுத்தாச்சுன்னு பாக்காமயே சொன்னது நான்தான்."

"பாக்காமயா?"

"பாக்காம."

மடிப்பு கையிலேயே நின்றது. "எல்லாத்துக்கும் அப்டிதான் சொல்லுவியா?"

எழுந்து அடுப்படிக்குப் போனேன். கேஸ் குமிழைத் தொட்டுப் பார்த்தேன். மோட்டார் சுவிட்சைப் பார்த்தேன். கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தேன்.

வாசலில் அம்மா கேட்டாள். "கேஸு மூடிட்டியா?"

"மூடியாச்சு."

என் முகத்தைப் பார்த்தாள். மோட்டாரைப் பற்றிக் கேட்கவில்லை. பூட்டை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அடுப்படியில் நடமாடும் சத்தம் கேட்டது, பிறகு கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் அசையும் சத்தம். ஏரி மேல் சுற்றியபோதுகூட வராத அழுகை அப்போது வந்தது. இந்த முறை நான் பார்த்திருந்தேன். அதை அவளிடம் சொல்லலாம்தான். சொன்னால் அதுவும் இன்னொரு பதில்தானே.

அம்மா வெளியே வந்து என் கையிலிருந்து பூட்டை வாங்கினாள்.

"மூடித்தான் கீது" என்றாள்.