ஏழாம் கட்டிலின் விரிப்பு

விரிப்பை உதறுகிறார், ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகுகிறார், உள்ளங்கையால் ஒரு தரம் நீவிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறார். மொத்தம் பன்னிரண்டு கட்டில்கள். ஒன்றிலும் ஆள் இல்லை. ஆள் படுத்தே பதினெட்டு வருடம் ஆகிறது. ஆனாலும் திங்களும் வியாழனும் வெள்ளையக்கா பன்னிரண்டு விரிப்பையும் மாற்றிவிடுவார். யாருமே படுக்காததை எதற்கு மாற்றுகிறீர்கள் என்று கேட்டால், "தூசு படுத்திருக்குல்ல?" என்பார்.

முன்பு இது ஆஸ்பத்திரி. இப்போது நினைவு அருங்காட்சியகம். சண்டை நடந்த ஆறு வருடமும் இரண்டு தரப்புக் காயக்காரர்களையும் ஒரே வார்டில், பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போட்டு வைத்தியம் பார்த்த டாக்டருக்காக ஏற்படுத்தியது. வாசலில் அவருக்கு மார்பளவுச் சிலை உண்டு. வெள்ளையக்கா அதை நாள் தவறாமல் துடைப்பார். ஆனால் டாக்டர் என்று ஒப்புக்கொள்ளமாட்டார். "இது யாரோ பேங்க் மேனேஜர்" என்று முகத்துக்கு நேரே சொல்லிக்கொண்டேதான் துடைப்பார்.

சலவை வேலைக்கு இங்கே வந்தபோது அவருக்குப் பத்தொன்பது வயது. ரத்தக் கறையைப் பச்சைத் தண்ணீரில்தான் போட வேண்டும், வெந்நீரில் போட்டால் ஆயுசுக்கும் போகாது என்பது முதல் நாள் கற்ற பாடம். குண்டு விழுந்த நாளிலும், குழாயில் தண்ணீர் வராத நாளிலும், அந்த வார்டில் கறையோடு ஒரு விரிப்பு அரை மணி நேரம் கிடந்ததில்லை. கைத்தோல் உரிய உரியத் துவைத்திருக்கிறார். வெள்ளையக்கா என்ற பெயரே அப்படி வந்ததுதான்.

போன மாதம் அருங்காட்சியகச் செயலாளர் ஓர் அலங்கார நிபுணரைக் கூட்டிவந்தார். வார்டில் உயிரோட்டம் இல்லை என்று இருவரும் கண்டுபிடித்தார்கள். மறுநாள் ஏழாம் கட்டில் விரிப்பில் ஒரு முழ அகலத்துக்கு ரத்தம். பெயிண்ட் ரத்தம். தரை வரைக்கும் சொட்டுச் சொட்டாகப் பூசியிருந்தார்கள். பக்கத்தில் 'தியாகம்' என்று ஓர் அட்டை.

வெள்ளையக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராமல் என்ன செய்யும்? ஆறு வருடம் ஒருத்தி பாடுபட்டு இல்லாமல் செய்த கறையை, ஆள் வைத்துப் பூசி, கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்காத குறையாகக் காட்டுகிறார்கள். "ரத்தம் இப்படிச் செவப்பாவா இருக்கும்? காஞ்சா காப்பிப் பொடி நெறம். இது நகத்துக்குப் பூசுறது" என்று சொல்லி, அன்றைக்கே உருவிக்கொண்டு போய் மண்ணெண்ணெயில் ஊறவைத்தார். அவர்கள் மறுபடி பூசினார்கள். இவர் மறுபடி துவைத்தார்.

மூன்றாம் தடவை செயலாளர் அவரை அறைக்குக் கூப்பிட்டு, நிற்க வைத்தே பேசினார். பார்க்கிற ஜனங்களுக்கு மனசில் தைக்க வேண்டாமா, இதெல்லாம் உங்களுக்கு என்ன தெரியும், இனி அந்தக் கட்டிலைத் தொட்டால் வார்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டிலேயே இருந்துகொள்ளலாம் என்றார். டாக்டரை இந்தச் செயலாளர் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. நினைவு மலரில் படித்த பரிச்சயம்தான்.

மகள் வீட்டில் வெள்ளையக்காவுக்கு அறை உண்டு, சோற்றுக்குக் கவலை இல்லை. ஆனால் இந்த வார்டை விட்டால் காலையில் எழுந்து எங்கே போவது என்பது அவருக்குத் தெரியாது. அதனால் இரண்டு வாரம் பதினொரு விரிப்பை மட்டும் மாற்றினார். ஏழாம் கட்டிலைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீட்டுக்குப் போய் மகளிடம் பொருமித் தீர்த்தார்.

போன வியாழக்கிழமை பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள். பத்து வயதுக்காரி ஒருத்தி அந்த விரிப்பையே வெறித்துப் பார்த்துவிட்டு, "இத யாரு செஞ்சா?" என்று கேட்டாள்.

சுற்றிக்காட்டுகிறவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "எதிரிங்க. அவங்களையும் டாக்டர் இதோ இந்த எட்டாம் கட்டில்ல படுக்க வச்சுப் பாத்தாரு."

பக்கத்தில் நின்ற இன்னொருத்தி எட்டாம் கட்டிலின் காலை ஓங்கி ஓர் உதை விட்டாள். மற்றதுகள் சிரித்தன.

டாக்டர் பயந்ததே இதற்குத்தான். கறையைப் பார்த்தால் காயக்காரன் பக்கத்துக் கட்டில்காரனை முறைப்பான், விரிப்பு வெள்ளையாக இருந்தால் சாப்பாடு எப்போது வரும் என்று கேட்பான் என்று ஓயாமல் சொல்வார். மருந்துக்கு அதட்டியதைவிட விரிப்புக்கு அதட்டியதுதான் அதிகம். அந்த மனுஷன் பெயரில், அவர் வார்டிலேயே, பிள்ளைகளுக்கு உதைக்கக் கற்றுக்கொடுத்தாயிற்று. இதற்கு நினைவகம் என்று பெயர் வேறு.

மூலையில் தலையணை உறை மாட்டிக்கொண்டிருந்த வெள்ளையக்கா அதை அப்படியே போட்டுவிட்டு வந்தார். சிவப்பு விரிப்பை ஒரே இழுப்பில் உருவிச் சுருட்டித் தரையில் எறிந்தார். அலமாரியைத் திறந்து சலவை விரிப்பு ஒன்றை எடுத்தார். சுற்றிக்காட்டுகிறவர் ஓடிப்போய்ச் செயலாளரைக் கூட்டிவந்தார். செயலாளர் பிள்ளைகளைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சாவியக் கொடுங்க" என்று கையை நீட்டினார்.

வெள்ளையக்கா விரிப்பை ஓர் உதறு உதறினார். நீட்டிய கையில் அதன் ஒரு முனையையும் மறு கையில் இன்னொரு முனையையும் வைத்து அழுத்தினார். "இறுக்கிப் பிடிங்க. சுருக்கம் விழக் கூடாது" என்று சொல்லிவிட்டு, கட்டிலின் மறுபக்கம் போய் நின்று இழுத்தார்.