பூச்சாடியிடம் பேசியவர்

மகாராஜா காலத்தில், மைசூருக்கு வெளியே ஒரு காசநோய் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தேன். பாடி நடித்துப் பெரும் பேர் வாங்கிய தமிழ் சினிமா நடிகர் ஒருவர் அங்கே வந்து படுத்தார். நோய் தொண்டைக்கும் பரவியிருந்தது. உடம்பு எலும்பாகியும் தலை வகிடு மட்டும் கலையாமல் இருந்தது.

எதைக் கேட்டாலும் மேஜைமேல் இருந்த பூச்சாடியின் பக்கம் சாய்ந்துதான் பதில் சொல்வார். எனக்கு எரிச்சலாக வரும்.

"நான் இங்க நிக்கிறேன் சார். பூவுக்கா சொல்றீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பழக்கம் சிஸ்டர்," என்றார் கரகரத்த குரலில். "ஸ்டூடியோவுல நடிச்சுக்கிட்டே பாடணும். கேமராவுல தெரியாம மைக்கைப் பூச்சாடிக்குள்ளதான் ஒளிச்சு வைப்பாங்க. கதாநாயகியைப் பாத்துப் பாடினாலும் வாய் சாடிப் பக்கம் இருக்கணும்."

அதன்பிறகு தினமும் நானே புதுப் பூ வைத்தேன்.

ஒரு காலையில், குரல் இனித் திரும்பாது என்று டாக்டர் அவரிடமே சொல்லிவிட்டார். நான் செவ்வந்தியோடு போனபோது, முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார். காதைக் கிட்டே கொண்டுபோனால்தான் கேட்டது.

"சாடியை எடுத்துடுங்க சிஸ்டர்."

எடுத்துவிட்டேன். அதன்பின் அவர் யாரிடமும் பேசவில்லை. அந்த மாதமே போய்விட்டார்.

அவர் படம் கொட்டகைக்கு வந்தால் இன்றும் போகிறேன். அவர் பாட ஆரம்பித்ததும் எல்லோரும் அவர் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் பூச்சாடியைத் தேடுகிறேன்.