பலகையில் இருந்தது பத்து

சிங்கப்பூரின் புக்கிட் தீமா கல் குவாரியில் இருபது பேருக்கு நான் கங்காணி. அப்போது எனக்கு எழுத்தும் தெரியாது, எண்ணும் தெரியாது. இதை யாரிடமும் சொன்னதில்லை. பாறைக்கு வெடி வைக்கும் நேரத்தைத் தினமும் பலகையில் எழுதிப் போடுவார்கள். வழக்கமாகப் பதினொரு மணிதான் என்பதால், படிப்பதுபோல் நின்றுவிட்டு வந்துவிடுவேன்.

அன்றும் அப்படித்தான் ஆட்களைக் குழிக்குள் இறக்கினேன். கல் சுமக்கும் அஞ்சலை மட்டும் இறங்கவில்லை. ஞாயிறுதோறும் கோயிலில் நடக்கும் வகுப்பில் எண் படிப்பவள் அவள்.

"அண்ணே, பலகையில பத்துன்னு போட்டிருக்கு. கொட்டகைக் கடிகாரத்துல பத்தாகப் போகுது," என்றாள் மெதுவாக.

"எனக்குப் படிக்கத் தெரியாதா? போய் வேலையைப் பாரு."

அவள் நகரவில்லை. "பதினொன்னுன்னா ரெண்டு கோடு இருக்கும்ணே. இதுல ஒரு கோடு, பக்கத்துல வட்டம்."

திரும்பிப் பார்த்தேன். வட்டம் தெரிந்தது. பாறை உச்சியில் திரி புகையத் தொடங்கியிருந்தது. கத்திக்கொண்டே குழிக்குள் ஓடினேன். கடைசி ஆள் மேலேறிய சற்று நேரத்தில் பாறை வெடித்துச் சிதறியது.

யார் கவனித்தது என்று குவாரியை நடத்தும் வெள்ளைக்காரத் துரை கேட்டார்.

"கங்காணிதான் பார்த்துச் சொன்னாரு," என்றாள் அஞ்சலை.

நான் மறுக்கவில்லை. அடுத்த ஞாயிறே வகுப்பில் போய் உட்கார்ந்தேன், எண்களையும் கற்றுக்கொண்டேன். ஆனால் அன்று துரை முன் வாய் திறக்காமல் நின்றது இன்றும் உறுத்துகிறது.