புகை விலகிய அறை

நம்புகிறவர்கள் நம்பலாம். வீடு கட்டுவதற்கான படம் வரைந்து பிழைப்பவன் நான். பேய்க்கதை கட்டி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

என் மனைவி றிபாவுக்கு இழுப்பு வருத்தம், ஆஸ்துமா. நிந்தவூரில் நாங்கள் இருக்கும் வாடகை வீட்டில் காற்றே கிடையாது. கச்சான் என்கிற வறண்ட மேல்காற்று வீசும் இன்னொரு காலத்து வெக்கையை அவள் தாங்கமாட்டாள் என்ற பயத்தில்தான் மருதமுனைக் கடற்கரையில் காணி வாங்கினேன். தூணில் உயர்த்திய வீடு. வெயிலும் மழையும் சுவரில் படாதபடி அகலமாக இறக்கிய கூரை. அவளுடைய அறையில் கடலைப் பார்த்த கிழக்குச் சன்னலுக்கு நேரே மேற்கிலும் ஒன்று வைத்தேன், கடல்காற்று தடையில்லாமல் ஓடட்டும் என்று.

கதவு போடுமுன் சட்டியில் சாம்பிராணி போட்டுக் காற்றின் வழியைப் பார்ப்பது என் பழக்கம். அன்று பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு, என்னைக் காக்கா என்று அண்ணன் முறை சொல்லும் மேசன் ஜெஸீமோடு போனேன். ஹாலில் புகை நேராக ஓடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு றிபாவின் அறை. மணி 5.40. கிழக்குச் சன்னலில் சட்டியை வைத்தேன்.

புகை உள்ளே வந்தது. சன்னலுக்குக் கிட்டவே இரண்டாகப் பிரிந்தது. அப்பால் போய் மறுபடி ஒன்றானது. நடுவில் ஒன்றுமில்லை...

"இதுல என்னத்தையும் வெச்சிருக்கியா?"

"வெறும் அறைதானே காக்கா," என்றான் ஜெஸீம்.

கையை நீட்டினேன். அந்த இடத்தில் மட்டும் காற்று இல்லை. உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளின் உயரத்துக்கு.

அப்போது கேட்டது...

கீய்ங்... கீய்ங்...

இழுப்பு.

றிபா இருப்பது நிந்தவூரில்.

புகை விலகிய இடம் உயர்ந்தது. எழுந்து நின்றது.

எங்கள் பக்கம் திரும்பியது...

ஓடினோம்.

வீட்டில் றிபா சுகமாகத்தான் இருந்தாள். "எப்ப குடி போற?" என்று ஆசையாகக் கேட்டாள்.

மறுநாள் காலை, காணி விற்ற ஷரிபுதீன் ஹாஜியாரிடம் போனேன்.

"அங்க முந்தி ஆரு இருந்த?"

அவர் கடல் பக்கம் கையைக் காட்டினார்.

"எங்கட உம்மா. சுனாமியில மத்தாக்களெல்லாம் ஓடிட்டம். அவவுக்கு இழுப்பு... ஓட ஏலல்ல. அடக்கஞ் செய்ய மையத்தும் கிடைக்கல்ல."

"கட்டில் எங்க கிடந்த?"

"கடல் பக்கச் சன்னலோட. நல்லாக் காத்துப் படட்டுமெண்டு நான்தான் இழுத்துப் போட்டுக் குடுத்த."

வீட்டை இன்னும் பூசவில்லை. றிபாவுக்கு இழுப்பு கூடிக்கொண்டே போகிறது. அந்த வீட்டில் நல்ல காற்றுள்ள அறை அது ஒன்றுதான். அவளுக்கு நான் எங்கே கட்டில் போடுவது, சொல்லுங்கள்?