மூடிய ஆலையில் ஓவியக் கூடம்

உத்திரமேரூரில் மூடிக்கிடந்த அரிசி ஆலையை வாடகைக்கு எடுத்து, எங்கள் ஊர்க்காரரான ஓர் அம்மா ஓவியக் கூடம் திறந்தார். படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுத்த தச்சன் நான். முதல் நாள், அழைக்கப்பட்டவர்கள் யாரும் வரவில்லை. சாயங்காலம், நடவு முடித்துத் திரும்பிய பெண்கள் நாலைந்து பேர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

“உள்ள வாங்க” என்றார் அம்மா.

“காலெல்லாம் சேறா கீதுமா.”

“தரைதானே, கழுவிக்கலாம்.”

ஒருத்தி ஏரிப் படத்தின் முன் நின்றாள். “இன்னாம்மா, ஏரி கீது, மதகு எங்க?” நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை. வரைந்தவரை அப்போதே போனில் கூப்பிட்டு அவளிடம் பேச வைத்தார்.

பல வருடங்கள் கழித்து, சென்னையில் நடக்கும் பெரிய ஓவியச் சந்தைக்கு அவர் இயக்குநர் ஆனார். முதல் நாள் காலை, படம் வாங்குபவர்களுக்கு முன்பாகவே என்னையும் சேர்த்து எங்கள் ஊர் ஆட்களை வேனில் வரவழைத்தார். கடை போட்டிருந்த ஒருவர், “இவங்களா வாங்கப் போறாங்க?” என்று எரிந்து விழுந்தார்.

“பாக்க வந்துகீறாங்க” என்றார் அம்மா, எங்கள் ஊர்ப் பேச்சிலேயே.

அந்த மனிதர் நகர்ந்து வழிவிட்டார். நானும் உள்ளே போனேன். வேலைக்காக இல்லாமல், படம் பார்ப்பதற்கென்றே நான் போனது அன்றுதான்.